ஊரெல்லாம் மூக்கு

ஜெயங்கொண்டத்தில் பஸ் கிளம்பும்போது என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, கை நிறைய வளையல், மடியில் பெரிய பொட்டலம். ஏதோ விசேஷத்துக்குப் போகிற வெளியூர்க்காரர். உடையார்பாளையம் தாண்டுவதற்குள் அவருடைய மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. முதலில் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த மஞ்சப்பையைப் பார்த்தார். கடைசியில் என் வாயைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பட்டுப்புடவையோடு அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார் அந்தப் புண்ணியவதி. குடிகாரி பக்கத்தில் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல் என்று நினைத்திருப்பார்.

நான் அன்று குடித்திருக்கவில்லை. பையில் இருந்தது முந்திரிப்பழம்.

முந்திரியைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்து முந்திரிக்காட்டில் பழம் தானாக விழும். காலையில் பெண்கள் போய்ப் பொறுக்கி, அடியில் தொங்கும் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தைக் குவித்துப் போட்டுவிடுவார்கள். பணம் கொட்டைக்குத்தான், பழத்தைச் சீந்த ஆள் கிடையாது. சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் அந்தக் குவியல் புளித்து, காடு முழுக்க ஒரு வாடை கிளம்பும். அது எதனுடைய வாடை என்று விளக்க என்னைவிடத் தகுதியானவர் இந்த ஜில்லாவில் இல்லை.

முந்தின நாள்தான் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அண்ணனோடு காட்டுக்குப் போய்க் கொட்டை பொறுக்கினேன். சிவப்பும் மஞ்சளுமாக நல்ல பழங்கள் கிடைத்தன. என் மகள் யாழினிக்குச் சின்ன வயதிலிருந்தே முந்திரிப்பழம் என்றால் உயிர். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, தொண்டை கரகரக்கும் வரை தின்பாள். அவளுக்காகத்தான் பை நிறைய எடுத்துக்கொண்டேன்.

அரியலூரில் என் நாத்தனார் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த அவளைப் பெரம்பலூருக்கே, என் வீட்டுக்கே, நிரந்தரமாக அழைத்துக்கொண்டு போகும் நாள் அது.

பால் கணக்கு

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டுச் சிலர் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. நீங்கள் கடைசியாகக் குடித்து எத்தனை நாள் ஆகிறது?

காலண்டரில் கோடு போட நான் என்ன பால் கணக்கா வைத்திருக்கிறேன்? நீண்ட நாள் ஆகிறது. இன்றைக்கும் இல்லை. இதற்குமேல் விவரம் வேண்டுபவர்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலோடு எனக்கு எழுதட்டும். உடனே பதில் போடுகிறேன்.

இன்னும் சிலருக்குப் பெரிய சோகம் தேவைப்படுகிறது. புருஷன் கொடுமையா, காதல் தோல்வியா என்று கேட்கிறார்கள். ஏமாற்றம் தருவதற்கு மன்னிக்கவும். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். லீவுக்கு வரும்போது ஏர்போர்ட்டில் பாட்டில் வாங்கிவருவார். அவர் தொடமாட்டார். வந்து போகிறவர்களுக்கு, காரியம் ஆக வேண்டிய இடத்துக்கு என்று பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருப்பார். பெரம்பலூரில் பாதி வீட்டு பீரோவில் இன்றைக்கும் அது இருக்கும், பக்கத்தில் சிங்கப்பூர் தைலமும் இருக்கும்.

கர்ப்பப்பை எடுத்த பிறகு எனக்கு வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தன. ஒரு மூடி குடித்தால் வலி தெரியாது என்று ஒருத்தி சொன்னாள். மூடி டம்ளர் ஆயிற்று. டம்ளர் எப்போது பகலுக்கு வந்து சேர்ந்தது என்பது எனக்கே தெரியாது. நான் யாரையும் அடிக்கவில்லை, ரோட்டில் விழவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி தூங்கினேன். ஒரு நாள் யாழினி பள்ளிக்கூட வாசலில் இருட்டும் வரை நின்றாள். வாட்ச்மேன் அவளிடமே நம்பர் கேட்டு நாத்தனாருக்குப் போன் செய்தார். அன்றிரவு அவள் புத்தகப்பை அரியலூருக்குப் போயிற்று.

இதைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக மறுபடியும் அழுதுகாட்ட எனக்கு உத்தேசம் இல்லை.

பூசாரியின் சத்தியம்

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வந்ததும் நாத்தனார் என்னை ஒரு கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். சாமிமேல் எனக்குக் கோபம் கிடையாது. குடியை விடுகிறவர்களுக்கு அங்கே கையில் கயிறு கட்டுவார்கள். வரிசையில் நின்றது எல்லாம் ஆண்கள். அவரவர் மனைவிமார் பக்கத்தில் தேங்காய் பழத்தோடு நின்றார்கள்.

எங்கள் முறை வந்தது. பூசாரி எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆளு எங்கம்மா?"

"இவதான் சாமி" என்றார் நாத்தனார்.

பூசாரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பாவம், அவரிடம் இருந்தது ஒரே சத்தியம். அதுவும் ஆண்களுக்காகத் தயாரானது. பரம்பரையாக வந்ததை எனக்காக மாற்ற முடியுமா? "நான் சொல்லச் சொல்லச் சொல்லு" என்று ஆரம்பித்தார்.

"இனிமே குடிக்க மாட்டேன்."

சொன்னேன்.

"குடிச்சுப்புட்டு பொண்டாட்டிய அடிக்க மாட்டேன்."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். "சொல்லுடி, நேரம் ஆவுது" என்றார். சொன்னேன்.

"பொண்டாட்டி தாலிய அடகு வைக்க மாட்டேன்."

சொன்னேன்.

"வேட்டி அவுந்து ரோட்டுல கெடக்க மாட்டேன்."

அதையும் சொன்னேன். அந்தச் சத்தியத்தில் எதையும் நான் இன்றுவரை மீறவில்லை. அதிலும் வேட்டி விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

எனக்கு முன்னால் கயிறு கட்டிக்கொண்டவர் போகும்போது தன் மனைவியிடம், "பொம்பளையே குடிச்சா குடும்பம் என்னத்துக்கு ஆவுறது?" என்று என் காதில் விழும்படி சொன்னார். அந்த மனைவியின் இடது கண் வீங்கிக் கருத்திருந்தது. அவளும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அளவு எடுக்கும் தூரம்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. சின்னக் கடை, ஜாக்கெட்டும் சுடிதாரும் தைப்பேன். சிகிச்சை முடிந்து கடையைத் திறந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்ப வந்தார்கள். என் தையல் சுத்தம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அளவு எடுக்கும்போது புரிந்துகொண்டேன்.

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கட்டிப்பிடிக்கும் தூரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். என் முகம் அவர்கள் கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மூச்சை உள்ளே இழுப்பார்கள். நன்றாக, ஆழமாக, டாக்டர் சொன்னதுபோல இழுப்பார்கள். வாசம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சிலர் முகத்தில் நிம்மதி தெரியும். பலர் முகத்தில் ஏமாற்றம்தான் தெரியும். பின்னே, வீட்டில் போய்ச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே.

சிங்கப்பூரிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வருவார். போனில் வாசம் வராது என்பது அவருக்குப் பெரிய குறை. அதற்காக ஒரு வழி வைத்திருந்தார். "கேமராவக் கொஞ்சம் கண்ணுகிட்டக் கொண்டு போ" என்பார். நான் கண்ணை விரித்துக் காட்டுவேன். அவர் அங்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டதைவிடக் கண் பரிசோதனை செய்துகொண்டதுதான் அதிகம்.

இதில் எதுவும் என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பாதித்தது வேறு.

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்ததும் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் போய்விடும். பால்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாருக்கும் நான் யாழினி அம்மாதான். அது ஒரு பெயரா என்று கல்யாணமான புதிதில் நானே கேலி செய்ததுண்டு. ஒரு தடவை அரியலூரில் அவள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். டீச்சர் ஒருவர் எங்களை நோக்கிச் சிரித்துக்கொண்டே வந்து, "வாங்க யாழினி அம்மா" என்றார். நானும் சிரித்தேன். டீச்சர் என்னைத் தாண்டிப் போய் நாத்தனார் கையைப் பிடித்தார். "இவங்க யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"என் தம்பி வூட்டுக்காரி" என்றார் நாத்தனார். பொய் இல்லை. முழுக்க உண்மைதான். நான் அன்று வீட்டுக்கு வந்து ஒரு ஜாக்கெட்டின் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடியும் மாற்றித் தைத்தேன்.

கம்பிக்கு இந்தப் பக்கம்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவருக்கு மூத்தவர். பிள்ளை இல்லை. யாழினியைத் தன் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வீட்டுக்குள் என்னை விடுவதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார்.

நான் போய்க் கேட்டுக்கு வெளியே நிற்பேன். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தை நீட்டுவார். "ஊது" என்பார். ஊதுவேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிடுவாள். சில நாள் ஒரு தடவை போதாது. "இன்னொரு தடவ, நல்லா" என்பார். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும்.

அவருடைய வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் குடிப்பவர். வயலில் மோட்டார் கொட்டகையில் கூட்டாளிகளோடு உட்காருவார். நாத்தனாரே மீன் வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவார். அந்த மனிதர் திரும்பி வரும்போது கேட் அகலமாகத் திறந்திருக்கும். அவரை யாரும் ஊதச் சொன்னதில்லை. ஊதினால் வீடு தாங்காது என்பது காரணமாக இருக்கலாம்.

ஒரு பொங்கலுக்குப் போனபோது நாத்தனார் முகத்தை நீட்டினார். "போதும் அண்ணி" என்றேன். அவர் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். அதன் பிறகு அந்தச் சடங்கு நின்றது. இனி எவருக்கும் ஊதுவதில்லை என்று நான் அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன். மிச்சம் இருந்த மானம் அவ்வளவுதான், அதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

யாழினி பத்தாம் வகுப்பு முடித்ததும் பெரம்பலூருக்கு வந்து என்னோடு இருந்து பதினொன்று படிக்கட்டும் என்று நானும் என் கணவரும் பேசினோம். நாத்தனார் அரை மனதோடு சம்மதித்தார். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏதாவது கேள்விப்பட்டேன், புள்ளை இங்கேயேதான்" என்று சொல்லியிருந்தார். பரீட்சை முடிந்தது. நான் முந்திரிப்பழத்தோடு கிளம்பினேன்.

அரியலூர் வெயில்

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் வெள்ளைப் புழுதி அப்பிக்கொண்டு நின்றன. கூட்ட நெரிசலில் யாரோ என் மடிமேல் சாய, பைக்குள் பழங்கள் நசுங்கின. சாறு கசிந்து என் புடவையில் இறங்கியது. முந்திரிச் சாறு துணியில் பட்டால் போகவே போகாது, தையல்காரிக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்றும் செய்வதற்கில்லை. இறங்கும்போது என் மேல் அடித்த வாடை எனக்கே அடையாளம் தெரிந்தது. பழைய சிநேகிதம் அல்லவா.

நாத்தனார் கேட்டருகே வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன வாட இது?"

"முந்திரிப்பழம் அண்ணி. பஸ்ஸுல நசுங்கிட்டுது. யாழினிக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

"முந்திரிப்பழமா?"

"பாருங்க." பையை விரித்துக் காட்டினேன்.

அவர் பைக்குள் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். வெயிலில் காட்டுக்குள் அலைந்து, புழுதி ஏறி, என் கண் சிவந்திருந்தது. "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் முந்தின நாள் சனிக்கிழமையின் முகத்தோடு பனியனைச் சரிசெய்தபடி வந்தார். கம்பி வழியாக மூக்கை நீட்டி நிதானமாக மோந்து பார்த்தார். "பழ வாசம் இருக்கு. கூடவே வேற ஒண்ணும் இருக்கு" என்றார். அனுபவஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வேறு ஒன்று அவர் வாயிலிருந்தே வருகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நாத்தனார் பிறந்து வளர்ந்தது உடையார்பாளையத்துப் பக்கம். முந்திரிக்காட்டில் விளையாடி வளர்ந்த மனுஷி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வாசத்தைச் சொல்லக்கூடியவர். அந்த மூக்குக்கு முந்திரிப்பழம் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் மூக்கு இல்லை.

"உங்களுக்கா அண்ணி இந்த வாசம் தெரியாது?" என்றேன்.

"நல்லாத் தெரியும். அதான் கேக்குறேன். ஏலக்காய மென்னுக்கிட்டு வந்த, கிராம்ப மென்னுக்கிட்டு வந்த, பச்ச வெங்காயம் தின்னுக்கிட்டு வந்த. அதெல்லாம் மறந்துட்டியா? இப்ப முந்திரிப்பழத்தக் கொண்டாந்துருக்க. இந்த வாசத்துக்குள்ள எதைத்தான் மறைக்க முடியாது?"

ஏலக்காயும் கிராம்பும் வெங்காயமும் நிஜம். அந்த அம்மாளை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று நான் நினைக்கும்போதெல்லாம் இப்படி ஒரு நியாயத்தை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்.

"ஊதிட்டு உள்ள வா" என்றார்.

"ஊத மாட்டேன்."

"அப்ப புள்ளையக் கேக்காத."

எதிர்வீட்டு மாடியில் துணிக்கொடி அசையாமல் நின்றது. அந்தப் பெண் வந்துவிட்டாள் என்று அர்த்தம். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பையை அந்தக் கேட்டின் மேலேயே வீசிவிட்டுப் போகலாம். பெரிய கௌரவமாக இருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கௌரவத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் வரைக்கும் அழலாம்.

யாழினி வந்தாள்

அவள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பின்னல் பாதியில் நிற்க, கையில் சீப்போடு வந்தாள். என்னைவிட உயரமாகியிருந்தாள்.

"அத்தை, நீங்க உள்ள போங்க. மாமா, நீங்களும்."

"நீ சும்மா இரு யாழு. உனக்குத் தெரியாது" என்றார் நாத்தனார்.

"போங்க அத்தை. நான் பாத்துக்குறேன்."

ஆச்சரியம், இருவரும் போனார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பார், என் பெண் எனக்காக நிற்கிறாள், இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். எனக்கு நேராக நின்றாள்.

"ஊதும்மா" என்றாள்.

முகத்தில் யாரோ தண்ணீரை வாரி அடித்ததுபோல இருந்தது.

"நீயுமாடி?"

"அவங்க கேட்டதுக்கு ஊத வேணாம். நான் கேக்குறேன்ல."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலம்மா." குரலை உயர்த்தவில்லை. சீப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பேசினாள். "சின்னப் புள்ளையா இருக்கப்ப ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல உன் பக்கத்துல வந்து நிப்பேன்ல, ஞாபகம் இருக்கா?"

"என் செல்லம்ல நீ. முந்தானையப் புடிச்சுக்கிட்டே நிப்ப."

"அது செல்லம் கொஞ்ச இல்ல. மோந்து பாக்க. வாசம் வந்துச்சுன்னா நானே தோசை ஊத்திக்குவேன். ரைம்ஸ் நானே படிச்சுக்குவேன். கேஸ மூடிட்டியான்னு பாத்துட்டுதான் படுப்பேன். வாசம் வரலன்னா மட்டும்தான் உன்கிட்ட ஏதாவது கேப்பேன்."

பையைக் கீழே வைத்தேன்.

"இப்பவும் அப்புடித்தான். குடிச்சிருந்தாலும் சொல்லு, நான் கத்த மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். தெரிஞ்சா என்ன பண்ணணும்னு நான் பாத்துக்குவேன்."

இத்தனை வருஷமாக நான் எவ்வளவு பேரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். பூசாரி, கடைக்கு வந்த பெண்கள், கணவர், நாத்தனார், பட்டுப்புடவை அம்மாள் வரைக்கும். எல்லாரையும் மூக்கு என்று கேலி செய்தேன். அந்த மூக்குகளில் எல்லாம் மூத்தது என் வீட்டுக்குள்ளேயே, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. மற்றவர்கள் வம்புக்கு மோந்தார்கள். இவள் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள மோந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு வலித்தது. இதற்கு நாசூக்கான வார்த்தை எதுவும் தேடப்போவதில்லை, வலித்தது.

குனிய வேண்டியிருக்கவில்லை, அவள்தான் கொஞ்சம் குனிந்தாள். நடுத்தெருவில், எதிர்வீட்டுப் பெண் பார்க்க, ஊதினேன்.

அவள் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள்.

"பழைய சோறு. ஜெயங்கொண்டத்து மாமா வூட்டுல."

"இன்னொரு தடவ ஊது."

ஊதினேன்.

"பழைய சோறுதான்" என்றாள். பிறகு பைக்குள் கையை விட்டு நசுங்காத பழம் ஒன்றைத் தேடி எடுத்துக் கடித்தாள். சாறு தாடையில் வழிந்தது. "இரு, பேக் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

நாத்தனார் அவளுக்குப் பின்னால் முறுக்கு டப்பாவோடு வந்தார். அழுதிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரி ஃபேன் ஓடுனா அவளுக்குச் சளி புடிக்கும், கொறச்சு வையி" என்றார். நான் சரி என்றேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட மரியாதையான பேச்சு அது ஒன்றுதான்.

தோளில் தாடை

யாழினி இப்போது பெரம்பலூரில்தான் படிக்கிறாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூட இறக்காமல், நான் தைத்துக்கொண்டிருந்தாலும் சமைத்துக்கொண்டிருந்தாலும் பின்னால் வந்து நிற்பாள். தோளில் தாடையை வைத்துக்கொள்வாள். ஒரு மூச்சு. அப்புறம் போய்க் கைகால் கழுவுவாள்.

கடைக்கு வரும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு உருகுகிறார்கள். "பொண்ணுக்கு என்ன பாசம் பாருங்க அம்மா மேல" என்கிறார்கள். பாசமாம். மோப்பம் பிடிப்பதில் இவ்வளவு அனுபவம் உள்ளவர்கள், கண்ணுக்கு முன்னால் ஒருத்தி மோந்து பார்ப்பதைக் கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் தோளில் சாயும்போது நான் மூச்சை வெளியே விடுவேன், அவளுக்கு வசதியாக. மானம் மரியாதை எல்லாம் பேசிய வாய்தான் அது.

போன ஐப்பசியில் அடைமழை. யாழினிக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்து தடித்துவிட்டது. தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்தவள் வழக்கம்போல நேரே அடுப்படிக்கு வந்து தோளில் தாடையை வைத்தாள். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"தாளிக்கிற வாசம் வருதா?" என்று கேட்டேன்.

"ஒரு வாசமும் தெரியலம்மா. காலையிலேர்ந்து மூக்கு சுத்தமா அடச்சுக்கிச்சு."

ரசம் நுரை கட்டியது. அடுப்பை அணைத்தேன். அவள் நகரவில்லை.

"அப்புறம் எதுக்குடி இங்க வந்து நிக்கிற?"

"சும்மா" என்றாள்.